பிரிக்பீல்ட்ஸ் மேல்மாடியில் ஒரு முதுகெலும்பு வகுப்பு: 150 வெள்ளிக்குத் தகுமா?

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் கோலாலம்பூரில் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மூச்சுப் பயிற்சி, தாய்ப்பால், குளிப்பாட்டுவது, யோகா என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் குழந்தையின் முதுகெலும்பு வயிற்றுக்குள் எப்படி உருவாகிறது, பிறந்த பிறகு எப்படி நிமிர்கிறது என்ற ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதுவும் தமிழில், ஒரு வகுப்பு நடக்கிறது என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லாரும் "அதுக்கெல்லாமா வகுப்பு?" என்றுதான் கேட்டார்கள். ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கும் சின்ன பிசியோதெரபி நிலையம் அதை நடத்துகிறது. விளம்பரம் எதுவும் கிடையாது, வாட்சப்பில் ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான். இரண்டு பகுதிகள்: பிரசவத்துக்கு முன் ஒன்று, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபின் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய் உட்காரும் இன்னொன்று. கணவன் மனைவி இரண்டு பேருக்கும், இரண்டு பகுதிக்கும் சேர்த்து 150 மலேசிய வெள்ளி. கூட வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வரலாம், அவருக்குக் கட்டணம் இல்லை. நான் இரண்டுக்கும் போனேன், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. இப்போது மகளுக்குப் பத்து மாதம். அதனால் அங்கே கேட்டது வீட்டில் எந்த அளவுக்கு உதவியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் கோபம் இருக்கிறது. லிப்ட் கிடையாது. குறுகலான, செங்குத்தான படிக்கட்டு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். ஏழு மாத வயிற்றோடு ஏறுகிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மேலே போனால் முதுகு சாய முடியாத பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் இரண்டு மணி நேரம். முதுகைப் பற்றிச் சொல்லித்தரும் இடத்தில் இப்படி இருக்கக் கூடாது. அடுத்தமுறை போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டு போங்கள். வண்டி நிறுத்தவும் பெரும்பாடு. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பதுதான் நிம்மதி.

சரி, வகுப்புக்கு வருவோம்.

நடத்துகிறவர் பல வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குப் பிடித்துப்போன விஷயம், அவர் குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கருத்தரித்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கரு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் நடுவே தலையிலிருந்து வால்பகுதி வரை முதுகுநாண் என்று ஒரு மெல்லிய தண்டு உருவாகிறது. அது எலும்பு இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் தனக்கு மேலே இருக்கும் திசுவை மடிந்து குழாயாகச் சொல்லி வேதிச் செய்தி கொடுப்பது அதுதான். அப்படி மடிந்து உருவாகும் நரம்புக்குழாய்தான் பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகிறது. அதே சமயத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திசு திரள ஆரம்பிக்கிறது, ஏறத்தாழ 20ஆவது நாளில் முதல் ஜோடி. தலைப்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு ஜோடியாக வந்து, ஐந்தாவது வாரக் கடைசியில் 42 முதல் 44 ஜோடி ஆகிவிடுகிறது. இவற்றைச் சோமைட் என்கிறார்கள். ஒவ்வொரு சோமைட்டிலும் ஒரு பகுதி எலும்புக்கு, ஒரு பகுதி தசைக்கு, ஒரு பகுதி தோலின் அடிப்பாகத்துக்கு. கடைசியில் இருக்கும் சில ஜோடிகள் தாமாகவே மறைந்துவிடும்.

இதற்கு அடுத்து வந்ததுதான் அந்த இரண்டு பகுதிகளிலுமே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு சோமைட் அப்படியே ஒரு முள்ளெலும்பாக, அதாவது முதுகெலும்பின் ஒரு கணுவாக, மாறும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே இருந்த எல்லாருமே அப்படித்தான் தலையாட்டினோம். அக்கா சிவப்பு, நீலக் காகிதத் துண்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே இருக்கும் துண்டின் கீழ்ப்பாதியையும் கீழே இருக்கும் துண்டின் மேல்பாதியையும் சேர்த்து ஒட்டிக் காட்டினார். அதுதான் ஒரு முள்ளெலும்பு. ஆக ஒவ்வொரு முள்ளெலும்பும் இரண்டு சோமைட்டுகளின் பாதிகள் சேர்ந்தது. எதற்கு இந்தச் சுற்றுவழி? தசை வெட்டப்படாமல் பழைய இடத்திலேயே இருக்கிறது. எலும்பு மட்டும் பாதித் துண்டு அளவு தள்ளி உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தசை ஒரு முள்ளெலும்பிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிப் போய்ப் பிடிக்கிறது, இடையில் நரம்பு வெளியே வர வழியும் கிடைக்கிறது. இந்த இடமாற்றம் நடக்கவில்லையென்றால் முதுகை வளைக்கவே முடியாது. கழுத்தில் முள்ளெலும்பு 7, நரம்பு மட்டும் 8 ஜோடி என்று இருப்பதற்கும் இதுதான் காரணம். என் கணவர் இன்ஜினியர், அவ்வளவு நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த இடத்தில் எழுந்துபோய் அந்தக் காகிதத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 எலும்புதான், எலிக்கும் 7தான், நமக்கும் 7தான் என்பதையும் சொன்னார். பாலூட்டிகளில் இரண்டொரு விலங்கைத் தவிர எல்லாவற்றுக்கும் அதே எண். எந்த முள்ளெலும்பு கழுத்துக்கு, எது விலா எலும்போடு சேரும் மார்புக்கு, எது இடுப்புக்கு என்று அடையாளம் போடுவது ஹாக்ஸ் மரபணுக்கள். மொத்தம் கணக்குப் போட்டால் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால்பகுதியில் வழக்கமாக 4, ஆக 33. கீழே இருக்கும் 5 வயது ஏற ஏற ஒன்றாகச் சேர்ந்துவிடும், வால்பகுதியும் அப்படியே. அதனால்தான் வளர்ந்தவர்களுக்கு 26 என்கிறார்கள்.

எலும்பு என்று சொல்கிறோமே தவிர, ஆறாவது வாரத்தில் இது எல்லாமே குருத்தெலும்புதான். எட்டு ஒன்பது வாரத்தில்தான் உண்மையான எலும்பு படிய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் மூன்று இடங்களில்: முன்பக்கம் உருண்டைப் பகுதியில் ஒன்று, பின்பக்க வளைவில் இடமும் வலமும் ஒவ்வொன்று. பிறக்கும்போதும் அந்த மூன்றும் தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்கின்றன, நடுவில் குருத்தெலும்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்து இரண்டு பாதிகள் ஒட்டுவதற்கே ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஆகிறது. அது முன்பக்க உருண்டையோடு சேருவதற்கு மூன்றிலிருந்து ஆறு வயது. பிறகு பருவமடையும் வயதில் புதிதாகச் சில எலும்பு மையங்கள் தோன்றி, அவை முழுமையாகச் சேர 25 வயது வரை போகிறது. அந்த ஆரம்ப முதுகுநாண் என்ன ஆனது என்று ஒரு பெண் கேட்டார், நல்ல கேள்வி. எலும்பு வரும் இடங்களில் எல்லாம் அது மறைந்துவிடும். இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் மையத்தில் மட்டும் கூழாகத் தங்கிவிடுகிறது. டிஸ்க் விலகிவிட்டது என்று நாற்பது வயதில் மருத்துவரிடம் ஓடுகிறோமே, அந்தக் கூழின் தொடக்கம் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது.

இப்போது வகுப்பின் பெரிய குறைக்கு வருகிறேன். நிலையத்தின் மேல் கோபப்பட்டு எழுதவில்லை, ஆனால் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

நரம்புக்குழாய் மூட ஆரம்பிப்பது 22ஆவது நாள் வாக்கில். தலைப்பக்கத்து வாய் 25ஆவது நாள் அளவில் மூடும், கீழ்ப்பக்கத்து வாய் 28ஆவது நாளுக்குள் மூடும். கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறோம். அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் இந்த வேலை முடிந்துவிடுகிறது. கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் அதுதான் ஸ்பைனா பைஃபிடா. கடுமையான வகையில் தண்டுவடமே முதுகில் வெளியே தெரியும், கால்களும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படும். இதைப் பெருமளவு தடுக்க ஒரு சின்ன மாத்திரை போதும் என்பது 1991லேயே தெரிந்துவிட்டது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வில், முன்பு இப்படி ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் கொடுத்ததில், மறுபடியும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்ற பெண்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் 400 மைக்ரோகிராம், குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பிக்கும்போதிருந்து 12 வாரம் வரை.

இதையெல்லாம் அக்கா அருமையாகத்தான் விளக்கினார். யாருக்கு? அறையில் இருந்தவர்களில் ஆறு மாதத்துக்குக் குறைந்த கர்ப்பிணி ஒருவர்கூட இல்லை. எங்கள் எல்லாருக்கும் அந்த 28 நாள் முடிந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. பிங்க் புக் (கர்ப்பிணிகளின் மருத்துவப் பதிவேடு) போட கிளினிக்குக்குப் போகும்போதுதான் நம்மில் பலருக்குப் போலிக் மாத்திரையே கையில் கிடைக்கிறது, பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது மாதத்தில். அது அப்போதும் தேவையான மாத்திரைதான், இரத்தத்துக்கு நல்லதுதான், நிறுத்தக் கூடாது. ஆனால் நரம்புக்குழாயைப் பொறுத்தவரை ரயில் போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன், பயந்துவிட்டார். அக்காவும் கவனித்து, 18இலிருந்து 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனில் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார்கள், உங்களுக்கு அது சரியாக இருந்தது அல்லவா என்று கேட்டு அவரைச் சமாதானப்படுத்தினார். இருந்தாலும் அந்த அரை மணி நேரம் கல்யாணம் பேசி முடித்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய அரை மணி நேரம். நம் முஸ்லிம் நண்பர்களுக்குத் திருமணத்துக்கு முன் கட்டாய வகுப்பு இருக்கிறது. நம்மில் பலர் கோயிலிலேயே பதிவுத் திருமணம் செய்கிறோம், அங்கே பாரம் நிரப்பக் காத்திருக்கும் நேரத்தில் இதைச் சொன்னால் என்ன? இதைத்தான் நிலையத்துக்கு எழுதி அனுப்பினேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பகுதியில் தாயின் முதுகுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். வயிறு முன்னால் போகப் போக நாம் பின்னால் சாய்கிறோம், இடுப்பு வளைவு கூடுகிறது. பெண்களுக்கு அந்த வளைவு மூன்று முள்ளெலும்புகளில் பரவியிருக்கிறது, ஆண்களுக்கு இரண்டில். பிள்ளையைச் சுமப்பதற்கென்றே அமைந்த வித்தியாசம் அது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மாமியாருக்கு இது ரொம்பப் பெருமையாக இருந்தது.

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி பற்றி எல்லாருக்கும் பயம். "அந்த ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலி" என்று நம் குடும்பங்களில் சொல்லாத அத்தை இல்லை. அக்கா அதற்கும் வளர்ச்சியிலிருந்தே பதில் சொன்னார். கருவின் மூன்றாவது மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இருக்கிறது. பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது, தண்டுவடத்தால் அந்த வேகத்துக்கு வளர முடியவில்லை. அதனால் பிறக்கும்போது தண்டுவடத்தின் நுனி இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் இருக்கிறது, வளர்ந்தவர்களுக்கு முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். ஊசி போடுவது அதற்கும் கீழே, அங்கே தண்டுவடமே இல்லை, நரம்பு வேர்கள் மட்டும்தான். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. என் பிரசவத்தில் ஊசி வேண்டும் என்று நான் தயங்காமல் சொன்னதற்கு இந்தப் பத்து நிமிடம்தான் காரணம்.

இரண்டாவது பகுதி தரையில். பாய் விரித்து, குழந்தைகளைப் படுக்கப் போட்டு, அம்மா அப்பா பாட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து. அழுகைச் சத்தம், பால் வாசம், நடுநடுவே டயப்பர் மாற்றல், இதற்கு நடுவில் அக்கா ஒருவர்கூட விடாமல் எல்லாக் குழந்தையையும் கையில் எடுத்துப் பார்த்தார். இந்தப் பகுதிக்கு மட்டுமே 150 வெள்ளி கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பிறந்த குழந்தையின் முதுகு பிறை வடிவில் ஒரே வளைவாக இருக்கிறது. வயிற்றுக்குள் சுருண்டிருந்த அதே வளைவு. வளர்ந்தவர்களுக்குப் பக்கவாட்டில் பார்த்தால் நான்கு வளைவுகள். மார்புப் பகுதியும் அடிமுதுகும் ஆரம்பத்தில் இருந்தபடியே பின்பக்கமாக வளைந்திருக்கும், கழுத்தும் இடுப்பும் முன்பக்கமாக வளையும். கழுத்து வளைவின் ஆரம்பம் வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது பலப்படுவது மூன்று நான்கு மாதத்தில் குழந்தை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போது. இடுப்பு வளைவு உட்கார்ந்து, நின்று, நடக்கும்போது வருகிறது. யாரும் அதை வளைத்துக் கொடுப்பதில்லை. குழந்தை தன் தசையால் தானே இழுத்து இழுத்து உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட வேண்டும். தவழ ஆரம்பிக்காத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. வண்டியிலோ நாற்காலியிலோ முதுகுப் பையிலோ கட்டிப்போட்டபடி ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க, தட்டையான கெட்டி மெத்தையில்.

மாமியாருக்கும் அக்காவுக்கும் நடந்த பேச்சுதான் அன்றைக்கு எல்லாரும் காதைத் தீட்டிக் கேட்டது. மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவர், ஆறு பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர். "நாங்க எல்லாம் காலைப் பிடிச்சுத் தூக்கி உதறித்தாம்மா குளிப்பாட்டுவோம், அப்பத்தான் முதுகு நீளும். பிள்ளைங்க நல்லாத்தானே இருக்குதுங்க" என்றார். அக்கா மறுத்துப் பேசவில்லை. "நல்லாத்தான் இருக்காங்கம்மா. எண்ணெய் தேய்க்கிறதை, நீவி விடுறதை நிறுத்தச் சொல்லல. தலைகீழா தூக்குறதையும் உதறுறதையும் மட்டும் விட்டுடுங்க" என்றார். பிறகு ஒரு பொம்மையை வைத்து, குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு, அந்தக் கனத்தைத் தாங்கும் வலு கழுத்துத் தசைக்கு இன்னும் வரவில்லை, எலும்பும் முழு எலும்பு இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாமியாருக்கு அக்கா சொன்ன விதம் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு இன்றுவரை மகளைத் தலைகீழாகத் தூக்கவில்லை. எண்ணெய் மட்டும் வாரம் தவறாமல் தேய்க்கிறார், மகளுக்கும் அது கொள்ளைப் பிரியம். நானே சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் மௌனம்தான் மிஞ்சியிருக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் அழைப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

அடிமுதுகில் குழி இருந்தால் என்ன செய்வது என்பதும் இங்கே பேசப்பட்டது, இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்டப் பிளவுக்குள்ளேயே, அடி தெரியும்படியாகச் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. குழி ஆழமாகவோ மேலே தள்ளியோ இருந்தால், அந்த இடத்தில் மயிர்க்கொத்தோ சிவந்த மச்சமோ கொழுப்புக் கட்டியோ சேர்ந்திருந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் சில மாதங்களில் முள்ளெலும்புகளின் பின்பக்க வளைவு இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்பாக இருப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே தண்டுவடத்தைப் பார்க்க முடியும். பிறகு எலும்பு மூடிவிட்டால் எம்ஆர்ஐ என்ற பெரிய இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே தள்ளிப்போடக் கூடாது. இடுப்புக்குக் கீழே நீலமாகப் படர்ந்திருக்கும் திட்டு வேறு விஷயம், நம் குழந்தைகள் பலருக்கும் உண்டு, வளர வளர மங்கிவிடும். என் மகளுக்கும் இருந்தது. வீட்டுக்கு வந்த அரசாங்கத் தாதியும் அதையே சொன்னார்.

ஸ்பிரிங் தொட்டில் விஷயத்தில் மட்டும் அக்கா இன்னும் நேரடியாகப் பேசியிருக்கலாம். இந்த நாட்டில் எந்த இனத்து வீடாக இருந்தாலும் ஒன்று தொங்கும், அறையில் இருந்த எல்லார் வீட்டிலும் இருந்தது, அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்துப் பேசினார் என்று நினைக்கிறேன். நான் கேட்டுக் கேட்டு வாங்கிய பதில் இது: தொட்டிலில் முதுகு வளைவது பிரச்சினையே இல்லை, அது ஏற்கெனவே வளைந்த முதுகுதான். தாடை நெஞ்சில் போய் முட்டுவதுதான் ஆபத்து, மூச்சுக்குழாய் அடைபடும். ஆகவே ஆட்டி அமைதிப்படுத்தலாம், கண் அசந்ததும் தட்டையான மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும். இதை எல்லாருக்கும் கேட்கும்படி முதலிலேயே உரக்கச் சொல்ல வேண்டும்.

வாக்கர் பற்றிச் சுற்றிவளைக்கவில்லை, வாங்காதீர்கள் என்று ஒரே வார்த்தை. கனடாவில் 2004இலிருந்து விற்கவே தடை. அது நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை, படிக்கட்டிலிருந்து உருண்டு விழ வழி செய்கிறது. குழந்தை சொந்த இடுப்பிலும் முதுகிலும் கனத்தைத் தாங்கிப் பழக வேண்டிய நேரத்தில் துணி இருக்கை அதைத் தாங்கிக்கொள்கிறது. நான்கு மாதத்தில் தலையணை அடுக்கி உட்கார வைத்துப் படம் எடுப்பதைப் பற்றியும் சொன்னார். ஒரு நிமிடப் படத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதைப் பயிற்சி என்று நினைத்துத் தினமும் செய்யாதீர்கள். தானாக உட்காரும் நாள் வரும்போது முதுகும் தயாராக இருக்கும். எங்களுக்கு அன்பளிப்பாக வந்த வாக்கரை நான் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மகள் இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறாள். நின்றபடி இருக்கும்போது அவள் இடுப்பில் மெல்ல ஒரு வளைவு வர ஆரம்பித்திருப்பதைக் குளிப்பாட்டும்போது நான் கவனிக்கிறேன். இந்த வகுப்பு இல்லாவிட்டால் அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படத் தெரிந்திருக்காது.

பள்ளிப் பை பற்றி மூத்த பிள்ளைகள் உள்ள பெற்றோர் கேட்டார்கள். பைச் சுமையால் முதுகு பக்கவாட்டில் கோணும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வலி வரலாம், எடையைக் குறையுங்கள் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். அது வேறு வகுப்புக்கான விஷயம்.

இன்னும் இரண்டு குறைகள். மேசையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பு பெரியவர்களுடையது, எல்லா எலும்பும் சேர்ந்து முடிந்தது. பிறந்த குழந்தையுடையது மூன்று துண்டாக இருக்கும் என்று வாயால் சொல்லிப் பலகையில் வரைய வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு மாதிரி வாங்கி வைக்கலாம். கையில் கொடுத்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில். வகுப்பே தமிழில் நடக்கும்போது, பாட்டிகளை அழைக்கும்போது, தாள் மட்டும் அவர்களால் படிக்க முடியாததாக இருப்பது நியாயம் இல்லை. மாமியார் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். பாராட்ட வேண்டியதையும் சொல்கிறேன்: கடைசியில் எதையும் விற்கவில்லை. தலையணை, பெல்ட், எண்ணெய் எதுவும் இல்லை. கேள்வி தீரும்வரை உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு நெஸ்காபேயும் கேசரியும் வேறு.

தகுமா என்றால் தாராளமாகத் தகும். முதல் பகுதிக்குக் கர்ப்பம் உறுதியானவுடனே போங்கள், ஏழாம் மாதம்வரை காத்திருக்காதீர்கள், படிக்கட்டுக்காகவும்தான். இரண்டாவதற்கு மாமியாரோ அம்மாவோ, குழந்தையைக் குளிப்பாட்டப்போவது யாரோ, அவரைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்கள், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் வகுப்புக்குக் காத்திருக்க வேண்டாம், போலிக் அமிலம் பற்றிப் பக்கத்துக் கிளினிக்கில் இந்த வாரமே கேளுங்கள். முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நான் அனுப்பிய கடிதத்துக்கு அக்காவிடமிருந்து பதில் வந்தது. அந்த முதல் அரை மணி நேரப் பாடத்தை மட்டும் தனியாகப் பிரித்து, புதுமணத் தம்பதிகளுக்கு இலவசமாக, கீழ்த்தளத்தில் வேறொரு இடம் பார்த்து நடத்தப்போகிறார்களாம். தேதி இன்னும் முடிவாகவில்லை. என் நாத்தனாருக்குத் தை மாதம் கல்யாணம். அவள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் முதல் ஆளாக எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன்.